எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன, ஒன்றைத் தவிர

1

நேற்றுக் காலை கைப்பேசியில் மறுபடியும் அந்த எச்சரிக்கை வந்தது. கடுங்குளிர் வருகிறதாம், வீட்டுக் குழாய்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் அதை வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள் என் மனைவி சுமதி சமையலறையிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு பார்வை வைத்திருக்கிறாள். சரியாக ஒரு வருடமாக அது எனக்கு வழங்கப்பட்டு வருகிறது.

சென்ற தை மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை ஊரில் இருக்கும் பலர் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். கேட்டது சுமதி சொன்னதாகத்தான் இருக்கும். என் பக்கத்தையும் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். என் பக்கம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாங்கள் நியூஜெர்சியில் ஒன்பது வருடம் இருந்தோம். அங்கே பனி அள்ளி அள்ளி என் முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இனிமேல் வெயில் ஊர்தான் என்று சபதம் போட்டு டெக்சாஸில் இந்த சுகர் லேண்டுக்கு வந்தோம். ஆனால் ஒரு விஷயம் யாரும் சொல்லித் தரவில்லை. நியூஜெர்சி வீடு குளிருக்காகக் கட்டியது. டெக்சாஸ் வீடு வெயிலுக்காகக் கட்டியது. இங்கே குழாய்கள் வெளிச்சுவரை ஒட்டிக் காற்று வாங்கிக்கொண்டு ஓடுகின்றன. வருடம் முழுக்க அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. எப்போதாவது நான்கு நாள் குளிர் வந்தால் உள்ளே தண்ணீர் கட்டியாகி, குழாய் வெடித்து, கூரையைப் பொத்துக்கொண்டு நடுக்கூடத்தில் குற்றாலம் கொட்டும்.

இதைத் தடுக்க மூன்று வேலை செய்ய வேண்டும். வீட்டுக்குள் எல்லாக் குழாயையும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிக்குழாயைப் போர்த்த வேண்டும். சிங்க்குக்கும் வாஷ்பேசினுக்கும் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்துவைக்க வேண்டும், வீட்டுக்குள் இருக்கும் சூடு குழாய் வரைக்கும் போகும்படி. என் மானம் போனது மூன்றாவது வேலையில்.

2

அதற்கு முன்னால் ஒரு போசியின் கதை. எங்கள் கொங்குப் பக்கத்தில் பாத்திரத்தைப் போசி என்போம். இந்தப் போசி வசந்தியுடையது. வசந்தி பக்கத்து வீதி. பொள்ளாச்சிக்காரி. எரிவாயுக் குழாய் போடும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அவள் கணவர் தனபால் என் பேட்மின்டன் கூட்டாளி. சுமதிக்கு இந்த ஊரில் அக்கா, தங்கை, நாத்தனார் எல்லாமே வசந்திதான்.

போசி வசந்தியின் கல்யாணச் சீரில் வந்தது. ஐந்து பேருக்குச் சாதம் கொள்ளும் எவர்சில்வர். பக்கவாட்டில் 'கோ. வசந்தி, பொள்ளாச்சி' என்று பேர் வெட்டியிருக்கும். பாத்திரக்கடையில் ஒருவர் உட்கார்ந்து, ர்ர்ர் என்று பல்லைக் கூசவைக்கும் மிஷினால் வெட்டித் தருவாரே, அந்த எழுத்து. விசேஷ வீட்டில் பாத்திரம் மாறிப்போகாமல் இருக்கத்தான் பேர் வெட்டுவது. அப்படி வெட்டியும் அது மாறிப்போனது.

எங்கள் மகள் நிலாவின் பத்தாவது பிறந்த நாளுக்கு வசந்தி அந்தப் போசி நிறைய அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்தாள். சாதம் தீர்ந்தது, போசி எங்கள் வீட்டில் தங்கியது. சுமதி அதைத் துலக்கிக் கூடத்து மேசைமேல் வைத்தாள். மறுநாளே கொடுத்திருக்கலாம். ஆனால் வெறும் போசியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும் அல்லவா? வசந்திக்கு வெறும் சர்க்கரை மரியாதை இல்லை என்று சுமதி ஒப்பிட்டு, அதாவது போளி, சுட்டு நிறைத்துக் கொடுக்கத் தீர்மானித்தாள். ஒப்பிட்டுக்கு ஒரு முழுச் சனிக்கிழமை வேண்டும். சனிக்கிழமை என்பது இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளிக்கும் நீச்சல் வகுப்புக்கும் புல் வெட்டுவதற்கும் எழுதிவைக்கப்பட்ட நாள். போசி மூன்று வாரம் காத்திருந்தது. நான்காவது வாரம் காணவில்லை.

வசந்தி கேட்டாள். "கார்ல வெச்சுக் குடுத்தேனே வசந்தி" என்றாள் சுமதி, அப்படித்தான் அவளுக்கு ஞாபகம். வரவில்லை என்றாள் அவள். கொடுத்தேன் என்றாள் இவள். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்கள். பிறகு, 'சுமதி வீட்டுக்குப் போன பாத்திரம் திரும்பாது' என்று வசந்தி எங்கேயோ சொன்னதாகத் தமிழ்ப்பள்ளி வாசலில் யாரோ சுமதியின் காதில் போட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம். சனிக்கிழமை வகுப்பு முடியும்வரை மற்ற அம்மாக்கள் வராந்தாவில் கும்பலாக நிற்க, சுமதி காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள்.

நான் அப்போதெல்லாம் அவளுக்குத் தத்துவம் சொன்னேன். "ஒரு போசிக்காகவா இத்தனை?" என்றேன். குறைந்தது எட்டுத் தடவை சொல்லியிருப்பேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

குளிர் வந்த அன்று காலை ஈரோட்டிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"அங்க எத்தனை டிகிரி?"

"பத்தொம்பதுங்கண்ணா."

"பத்தொம்பதா? ஊட்டியாட்டம் ஜம்முனு இருக்குமே! இங்க தை மாசமே முப்பத்தி ரெண்டுல வெந்துட்டு இருக்கறோம்."

அவருடைய முப்பத்திரண்டில் வேர்வை ஊற்றும், என்னுடைய முப்பத்திரண்டிலேயே தண்ணீர் கட்டியாகிவிடும், இங்கே ஃபாரன்ஹீட் கணக்கு என்று விளக்கினேன். "அமெரிக்கால போய் எல்லாத்தையும் மாத்திப்புட்டீங்க" என்று போனை வைத்தார்.

வெளிக்குழாய்க்குப் போடும் உறை கடையில் தீர்ந்துபோயிருந்தது. அப்பா இங்கே வந்திருந்தபோது விட்டுப்போன மங்கி குல்லா ஒன்று பெட்டியில் கிடந்தது. அதைக் குழாய்க்கு மாட்டிக் கழுத்தில் மஃப்ளரும் சுற்றினேன். பார்க்க மார்கழி மாதம் பால் வாங்கக் கிளம்பிய பெரியவர் மாதிரியே இருந்தது. இதற்காக மூன்று வாரம் கழித்து எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டு முகப்பில் அனுமதி பெறாத உருவம் ஒன்று காணப்படுகிறதாம். கூடவே ஒரு படிவம். அந்த உருவம் அலங்காரமா, மத அடையாளமா, பண்டிகைப் பொருளா என்று டிக் செய்ய வேண்டும். அப்பாவின் குல்லா என்பதற்குக் கட்டம் இல்லை. 'மற்றவை' என்பதில் டிக் செய்து, 'குளிரும் என்பதால்' என்று எழுதி அனுப்பினேன்.

மதியம் தனபால் கூப்பிட்டார். "ஏனுங்க முருகேசன், எங்க வீதில காலைல இருந்து பவர் இல்லீங்க. ஹீட்டர் ஓடல. வீட்டுக்குள்ளயே ஜாக்கெட் போட்டு உக்காந்திருக்கறோம். ஹோட்டலுக்குப் போலாம்னா ஃப்ரீவே பூரா ஐஸுங்க."

"இங்க வந்துருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சுமதி பக்கத்தில் நிற்பது தெரிந்தது. அவள் போர்வை எடுக்க மாடிப்படி ஏறிக்கொண்டே சொன்னாள்.

"வரட்டும். குளுர்ல யாரையும் வெளிய நிறுத்தற வம்சம் இல்ல எங்களது. ஆனா நான் பேசமாட்டேன்."

அவர்கள் வருவதற்குள் மூன்றாவது வேலையை முடித்துவிடலாம் என்று அலமாரிகளைத் திறந்துகொண்டே போனேன். சமையலறை, மாடிக் குளியலறைகள், துணி துவைக்கும் இடம். கடைசியாகக் கூடத்தை ஒட்டிய சின்னக் குளியலறை. வாஷ்பேசினுக்குக் கீழே கதவைத் திறந்தேன்.

வளைவுக் குழாய்க்கு நேர் கீழே ஒரு போசி. பாதிக்கு மேல் தண்ணீர். பக்கவாட்டில், 'கோ. வசந்தி, பொள்ளாச்சி.'

எல்லாம் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு சாயங்காலம் அந்த வளைவு ஒழுகியது. கைக்கு எட்டியதை எடுத்து அடியில் வைத்தேன். எட்டியது கூடத்து மேசை. நட்டை முறுக்கினேன், ஒழுகல் குறைந்தது, நாளைக்கு பிளம்பரைக் கூப்பிடலாம் என்று கதவைச் சாத்தினேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. பேர் கண்ணில் படவில்லையா என்று கேட்பீர்கள். தண்ணீர் சொட்டும்போது எந்த ஆம்பிளையும் பாத்திரத்தில் பேர் படித்துக்கொண்டிருப்பதில்லை.

வாசல் மணி அடித்தது.

4

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஒருத்தி, செய்யாத காரியத்துக்கு இரண்டு வருடம் கெட்ட பேர் சுமந்தவள். இன்னொருத்தி, இரண்டு வருடம் உயிர்த் தோழியைச் சந்தேகப்பட்டவள். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே, வெளியே ஓடவும் முடியாத குளிரில். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அலமாரிக் கதவைச் சாத்தினேன். சொட்டவிட்ட குழாயை மூடினேன், போசி நிரம்பி வழிந்துவிடக் கூடாதே. குளியலறைக் கதவையும் சாத்தி, 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்று எழுதி ஒட்டினேன்.

"இதுக்கு என்ன ஆச்சு?" என்றாள் சுமதி.

"ஃப்ளஷ் சரியில்ல."

"காலைல நல்லாத்தான இருந்துச்சு?"

"குளுருக்கு என்னமோ ஆயிருச்சு."

அவர்கள் உள்ளே வந்தார்கள். வசந்தி சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அந்தச் சோபா அந்தக் குளியலறைக்கு நேர் எதிரே இருக்கிறது என்பதை இவ்வளவு வருடமும் நான் ஒரு குறையாக நினைத்ததில்லை.

"நிலா, அவங்க காபிக்குச் சர்க்கரை போடறாங்களான்னு கேளு" என்றாள் சுமதி. வசந்தி நான்கடி தூரத்தில் இருந்தாள்.

நிலாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தமிழ் புரியும், வாயில் வராது. "ஆன்ட்டி, டூ யூ வாண்ட் ஷுகர்?"

"அரை ஸ்பூன் போதும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு கண்ணு."

"மாம், ஹாஃப் எ ஸ்பூன்."

"கேட்டுச்சு."

நிலா பெருமூச்சு விட்டாள். "யூ கைஸ் ஆர் ஸோ வியர்ட்." நான் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். கேட்பதற்கு முன்பே சுமதி அந்த டம்ளரில் அரை ஸ்பூன் போட்டுக் கலக்கி முடித்திருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

வசந்தி காபி குடித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் பார்த்தாள். அலமாரிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அவள் கண் ஒவ்வொரு தட்டாக ஏறி இறங்கியது. சுமதியும் அதைக் கவனித்தாள்.

"நிலா, அவங்ககிட்டச் சொல்லு. இந்த வீட்டுல இன்னிக்கு எல்லாக் கதவும் தொறந்துதான் இருக்குது. யாரு வேணும்னாலும் எங்க வேணும்னாலும் நல்லாப் பாத்துக்கலாம். எங்கிட்ட ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அப்படி எங்கூட்டுல எதாச்சும் இருந்துச்சுன்னா நான் இனிமே தமிழ்ப்பள்ளிப் பக்கம் தலைகாட்டல."

நிலா மொழிபெயர்த்தாள். "மாம் சேஸ் தி கேபினெட்ஸ் ஆர் ஓப்பன்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் நகர்ந்தேன். போசியைத் துண்டில் சுற்றி வெளியே கடத்திவிடுவதாகத் திட்டம். தனபால் எழுந்துவிட்டார்.

"ஃப்ளஷ்ஷுங்களா? இருங்க, நானும் வர்றேன். அந்த வேலை நமக்கு அத்துப்படி."

"வேண்டாங்க. உள்ள ரொம்ப அசிங்கமா இருக்குது."

"அதனால என்னங்க, நம்ம வீடுதான?"

"இல்லீங்க, பாக்கற மாதிரி இல்லீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இரவுச் சாப்பாட்டில் எனக்குத் தயிர் மட்டும் போதுமா என்று ரொம்பப் பரிவாகக் கேட்டார். படுக்கை எல்லோருக்கும் கூடத்தில்தான் போட்டார்கள், அங்கேதான் சூடு நன்றாக இருந்தது. என் கடத்தல் திட்டம் அத்தோடு முடிந்தது.

5

காலையில் கண் விழித்தபோது வசந்தி வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வேலைப் புத்தி. எந்தக் குழாய் சொட்டுகிறது, எது சொட்டவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், என் அறிவிப்பின் முன்னால் நின்றாள்.

"ஃப்ளஷ்தான போச்சு? வாஷ்பேசினுக்கு என்ன கேடு? அந்தக் குழாய் சொட்டுதா இல்லியா?"

நான் எழுந்து நிற்பதற்குள் உள்ளே போய்விட்டாள். குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

"ஐயோ, இது ஃப்ரீஸ் ஆயிருச்சு! கதவையும் மூடி, குழாயையும் மூடி... எந்தப் புத்திசாலி பண்ணுன வேலை இது? வெடிச்சா வீடே மெதக்கும்! சுமி! ஹேர் ட்ரையர எடுத்துட்டு ஓடியா!"

"இந்தா வசந்தி, வந்துட்டேன்!"

இரண்டு வருட மௌனம் அப்படித்தான் உடைந்தது. சொன்னவளுக்கும் தெரியவில்லை, ஓடியவளுக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. சந்தோஷப்பட நேரம் இல்லை, ஏனென்றால் வசந்தி தரையில் உட்கார்ந்து அலமாரிக் கதவை இழுத்தாள்.

குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அதன் வழியாக இரவெல்லாம் குளிர் உள்ளே வந்திருக்கிறது. போசித் தண்ணீரின்மேல் அப்பளம் கனத்துக்கு ஐஸ் படிந்திருந்தது. வசந்தி தன் பேரைத் தானே படித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிச் சுமதியைப் பார்த்தாள்.

சுமதியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. "வசந்தி, சத்தியமா..." என்று ஆரம்பித்தாள்.

"நான்தான் வெச்சேன்" என்றேன். "லீக் ஆச்சுன்னு. நிலா பொறந்த நாள் கழிச்சு. அப்பறம் மறந்தே போச்சு. நேத்து இவங்க மணி அடிக்கறப்பதான் பாத்தேன்."

"அதுக்குத்தான் ஃப்ளஷ்ஷா?" என்றாள் சுமதி.

"ஆமா."

"ஃப்ளஷ் நல்லாத்தான் இருக்குதுங்களா?" என்றார் தனபால் பின்னாலிருந்து, உண்மையான நிம்மதியோடு.

"எல்லாரும் சும்மா இருங்க" என்றாள் வசந்தி. "மொதல்ல பைப். அப்பறம் போசி. அதுக்கப்பறம் இவரு."

குழாயைத் திறந்துவைத்துவிட்டு, குழாய் வாய்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் வரைக்கும் சூடு காட்டினாள். சுமதி பக்கத்தில் உட்கார்ந்து வயரைப் பிடித்துக்கொண்டாள். இருபது நிமிடம் ட்ரையர் ஓடியது. பிறகு குழாய் இருமியது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, பிறகு சலசலவென்று தண்ணீர். வெடிக்கவில்லை. தனபால் கை தட்டினார். நானும் தட்டப் போனேன், சுமதி பார்த்தாள், நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம்தான் அவள் அழுதாள். "ரெண்டு வருஷமா நானே என்னைச் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன் வசந்தி. எங்கியோ வெச்சுட்டு மறந்துட்டனோ, எனக்குத்தான் மூளை கலங்கிப்போச்சோன்னு."

எனக்கு அது தெரியாது. என்னிடம் அவள் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. நான் தத்துவம் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, எப்படிச் சொல்லுவாள்?

"நீ எதுக்கு அழுவற? வாய விட்டவ நான்" என்று வசந்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

இந்த நேரத்தில் நிலா கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஓ, தட் பாட்? ஐ தாட் இட் கேம் வித் தி ஹவுஸ்."

"உனக்கு இது தெரியுமா?" என்றோம் நான்கு பேரும்.

தெரியுமாம். அதற்குப் பின்னால்தான் வருடா வருடம் ஹாலோவீன் மிட்டாயை ஒளித்துவைக்கிறாளாம். "நோபடி ஆஸ்க்ட் மீ" என்று சொல்லிவிட்டு, கையை உள்ளே விட்டு மிட்டாய்ப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

"வெறும் போசியாக் குடுக்கக் கூடாதுன்னுதான் வசந்தி வெச்சிருந்தேன்" என்றாள் சுமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வசந்தி போசியை இரண்டு கையாலும் தூக்கினாள். உள்ளே ஐஸ் தகடு கடகடவென்று ஆடியது. "வெறுமையா எங்கடி இருக்குது? நெறச்சுத்தான் குடுத்திருக்கற" என்றாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் அந்தக் குளியலறையில் இல்லாத மாதிரியே சிரித்தார்கள்.

6

அதற்குப் பிறகு பிளம்பர் வந்தார், ஒழுகலைப் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். சுமதி ஒப்பிட்டு சுட்டாள், எனக்குக் கடைசியாக உடைந்த இரண்டு கிடைத்தன. தமிழ்ப்பள்ளி வராந்தாவில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து இந்தக் கதையைச் சொல்லும்போது நான்தான் காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அது நியாயம்தான்.

பத்து நாள் முன்பு வசந்தி ஊருக்குப் போய்விட்டு வந்தாள். எனக்கென்று தினசரித் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கொடுத்தாள். பிரித்தேன். சின்ன எவர்சில்வர் போசி. பக்கவாட்டில் புது எழுத்து பளபளத்தது: 'முருகேசன், சுகர் லேண்ட். குழாய்க்கு மட்டும்.'

"பேர் வெட்டறவரு யாருக்குங்க சீருன்னு கேட்டாரு" என்றாள். "வெவரம் சொன்னேன். பாவம், காசே வாங்கல." உள்ளே ஒரு பிடி சர்க்கரை இருந்தது.

நேற்று எச்சரிக்கை வந்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்தேன். அப்பாவின் குல்லாவை வெளிக்குழாய்க்கு மாட்டினேன், சங்கத்துப் படிவத்தை இந்த வருடம் முன்கூட்டியே நிரப்பிவிட்டேன். மாலையில் வாசல் மணி அடித்தது. வசந்தியும் தனபாலும் தலையணையோடு நின்றார்கள்.

"பவர் போயிருச்சா?" என்றேன்.

"இன்னும் போகல. போனாலும் போயிரும்னு வந்துட்டோம்" என்றாள் வசந்தி. என்னைத் தாண்டி நேராக அந்தக் குளியலறைக்குப் போனாள். சமையலறையில் சுமதி யாரையும் கேட்காமல் டம்ளரில் அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள்.

வளைவுக் குழாய் இப்போது ஒழுகுவதில்லை. இருந்தாலும் அதற்கு அடியில் ஒரு போசி இருக்கிறது. இந்தத் தடவை பேரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.